தளம் கொதித்தால் காற்றும் கொதிக்கும்: டெல்டா வீடுகளின் வெக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் கீற்றும் வைக்கோலும் வேய்ந்திருந்த வீடுகளில் ஏராளமானவை ஒரு தலைமுறைக்குள் காங்கிரீட் தளத்துக்கு மாறிவிட்டன. 2024இல் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு லட்சம் காங்கிரீட் வீடுகளை இலக்காக வைத்திருக்கிறது. ஒழுகாத, தீப்பிடிக்காத, புயலுக்குப் பறக்காத வீடு எல்லோருக்கும் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சித்திரையிலும் வைகாசியிலும் அந்த வீட்டுக்குள் இரவு தூங்க முடியவில்லை என்ற முறையீடு ஊருக்கு ஊர் கேட்கிறது. வெக்கை எங்கிருந்து வருகிறது, எதன் வழியாக வருகிறது, எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்று தெரிந்தால் பாதியை வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

வெயில்தானே காற்றைச் சூடாக்குகிறது?

நேரடியாக அல்ல. சூரிய ஒளியில் பெரும்பங்கு காற்றைக் கடந்து தரைக்கு வந்துவிடுகிறது. வழியில் காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. மண், தார்ச்சாலை, நெற்களம், வீட்டுத் தளம் இவைதான் ஒளியை விழுங்கிச் சூடாகின்றன. அவற்றை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் முதலில் சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிந்து, லேசாகி, மேலே எழும்பும். அந்த இடத்துக்கு இறங்கி வரும் காற்றும் அதே தரையைத் தொட்டுச் சூடாகும். காற்றின் வெப்பம் இப்படிக் கீழேயிருந்து மேலே ஏறுகிறது. இதோடு, சூடான தரை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் வெப்பத்தை வெளியே விடுகிறது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கின்றன.

செய்தியில் “இன்று 38 டிகிரி” என்று சொன்னால், அது தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டியின் நிழலில் அளந்த காற்றின் வெப்பநிலை. அதே நேரத்தில் வெட்டவெளித் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கியிருக்கும். நம்மை வாட்டுவது இந்த இரண்டாவது எண். அதை யாரும் செய்தியில் சொல்வதில்லை.

உச்சி வெயிலைவிடப் பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு அனல் அதிகமாக இருப்பது ஏன்?

தஞ்சாவூரில் மே மாதம் சூரியன் உச்சத்துக்கு வருவது ஏறக்குறைய 12 மணி 10 நிமிடத்துக்கு. அதற்குப் பிறகு தரைக்கு வரும் வெப்பம் குறைந்துகொண்டே வந்தாலும், தரை இழக்கும் வெப்பத்தைவிட அது இன்னும் அதிகம்தான். செலவைவிட வரவு கூடுதலாக இருக்கும்வரை கையிருப்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் சமமாகும் நேரம் வரைக்கும் காற்றின் வெப்பம் ஏறுகிறது.

காங்கிரீட் வீடு இரவில் ஏன் வேகிறது? வெயில் போய்விட்டதே?

எல்லாக் கேள்விக்கும் தாய்க்கேள்வி இதுதான். கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

பத்தடிக்குப் பத்தடி ஓர் அறை. மேலே ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம். நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வீதம் வெயில் விழுகிறது. இந்த அறையின் தளத்துக்கு மட்டும் ஒன்பது கிலோவாட்டுக்கு மேல். பழுத்துக் கறுத்த வெறும் காங்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உறிஞ்சிக்கொள்கிறது.

உறிஞ்சிய வெப்பம் உடனே உட்கூரைக்கு வந்துவிடாது. திடப்பொருளில் வெப்பம் துகளிலிருந்து அடுத்த துகளுக்குக் கைமாறித்தான் நகர வேண்டும். இந்தக் கடத்தலுக்கான சமன்பாட்டை ஜோசப் ஃபூரியே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1822இல் வெளியிட்டார். அதைக் கொண்டு கணக்கிட்டால், ஐந்து அங்குலக் காங்கிரீட்டைக் கடக்க அன்றாட வெப்ப அலைக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகிறது. மேற்பரப்பு ஒரு மணிக்கு உச்சச் சூடு அடைந்தால், உட்கூரை நான்கரை, ஐந்து மணிக்கு உச்சத்தைத் தொடும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி போட்டிருந்தால் இன்னும் சில மணி நேரம் தள்ளிப் போகும், சூடும் மட்டுப்படும்.

இனி, தேங்கியிருக்கும் வெப்பத்தின் அளவு. அந்த அறையின் தளம் ஏறக்குறைய 2,800 கிலோ எடை. அறைக்குள் இருக்கும் காற்று, பத்தடி உயரம் என்று வைத்தால், 34 கிலோதான். தளம் ஒரு டிகிரி சூடேற 2,450 கிலோஜூல் வெப்பம் வேண்டும். காற்றுக்கு 34 கிலோஜூல் போதும். எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். மாலையில் ஜன்னலைத் திறந்து விடுகிறோம், உள்ளே இருந்த காற்று முழுவதும் மாறிவிடுகிறது, ஆனாலும் வெக்கை அடங்குவதில்லை. மாறியது 34 கிலோ. தலைக்கு மேலே மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவான சூடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வந்த காற்றையும் அது சூடாக்கிவிடும்.

மூன்றாவது விஷயம், பலர் கவனிக்காதது. 42 டிகிரி உட்கூரை, 35 டிகிரி தோலை நோக்கிக் கதிராகவே வெப்பத்தை அனுப்புகிறது. இடையில் காற்று ஓடினாலும் அது நிற்பதில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்தால் முகத்திலும் மார்பிலும் உணரும் காந்தல் காற்றுடையது அல்ல, தளத்துடையது.

கீற்று வீட்டில் இந்தத் தொல்லை இல்லையே. கீற்றுக்கே திரும்பிவிடலாமா?

கீற்றின் பலம் அதற்குள் சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அதனால் ஓலையும் வைக்கோலும் காங்கிரீட்டைப் போல ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் உள்ளே விடுகின்றன. எடையும் இல்லை, ஆகவே பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் கொடுக்கும் பேச்சே இல்லை. தாழ்ந்த இறவாரம் சுவருக்கு நிழல் தருகிறது. ஓலை இடுக்குகள் வழியே சூடான காற்று தானாகவே வெளியேறுகிறது.

ஆனாலும் திரும்புங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது கூரை வீடுகள் என்ன ஆயின என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோடையில் ஒரு தீப்பொறி போதும், தெருவே போய்விடும். கூரையை அடிக்கடி பிரித்து வேய வேண்டும். கீற்று விலையும் ஆள் கூலியும் எளியவர்களால் தாங்க முடிவதில்லை. குடிசையில் இருப்பவர்களிடம் “உங்கள் வீடுதான் குளிர்ச்சி” என்று காங்கிரீட் வீட்டில் இருப்பவர்கள் சொல்லக் கூடாது.

கீற்றை விட வேண்டியதும் இல்லை. மொட்டை மாடியில் ஓரடி, இரண்டடி இடைவெளி விட்டுக் கீற்றுப் பந்தல் போட்டால், வெயில் தளத்தைத் தொடவே தொடாது. நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும்; இடையில் காற்று ஓடினால்தான் பந்தலின் சூடு கீழே இறங்காது. அடுப்பும் மின்கம்பியும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பிரித்துவிடலாம்.

சிமெண்ட் ஷீட், தகர ஷீட் வீடு பகலில் உள்ளே இருக்க முடியாமல் கொதிக்கிறது. இரவில் மட்டும் பரவாயில்லை. ஏன்?

ஷீட் மெல்லியது. வெப்பம் சில நிமிடங்களில் ஊடுருவி வந்துவிடும். சேர்த்து வைக்க அதில் எடை இல்லை. சூரியன் இறங்கியதும் அதே வேகத்தில் ஆறிவிடும். காங்கிரீட் வீட்டுக்கு மாலையும் முன்னிரவும் கொடுமை. ஷீட் வீட்டுக்குப் பகல் முழுவதும் கொடுமை. பகலில் கைக்குழந்தையோ, நடமாட்டம் குறைந்த முதியவரோ உள்ளே இருக்கும் ஷீட் வீடுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஷீட்டின் மேல் வைக்கோலோ பழைய கீற்றோ பரப்பிக் கட்டுவது, மேற்புறத்தில் வெள்ளை அடிப்பது, கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற வழி விடுவது: இவற்றில் ஒன்றையாவது கோடைக்கு முன் செய்துவிட வேண்டும்.

மாடியில் தண்ணீர் ஊற்றினால் பயன் உண்டா?

உண்டு. ஊற்றும் விதத்தைப் பொறுத்தது.

தண்ணீர் இரண்டு வகையில் வெப்பத்தை எடுக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பத்து டிகிரி சூடேறி, குழாய் வழியே ஓடிப்போனால் அது கொண்டுபோவது 42 கிலோஜூல். அதே ஒரு லிட்டர் தளத்திலேயே ஆவியாகிப் போனால் எடுத்துச் செல்வது ஏறக்குறைய 2,400 கிலோஜூல். மேலே பார்த்த அறையின் தளத்தைப் பத்து டிகிரி குளிர்விக்க, கணக்குப்படி, பத்து லிட்டர் ஆவியானால் போதும். ஒரு குடத்துக்குள் அடங்கிவிடும். மோட்டார் போட்டு நூற்றுக்கணக்கான லிட்டர் பீய்ச்சி அடிப்பதில் பெரும்பகுதி வீணாக ஓடிவிடுகிறது. சாக்குகளை விரித்து, மாலை நான்கு, ஐந்து மணியிலிருந்து அவ்வப்போது நனைத்து வையுங்கள். சாக்கு தண்ணீரைப் பிடித்து வைத்து, மெல்ல ஆவியாக விடும்.

காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் கடலோர ஊர்களில் ஆவியாவது மந்தமாக நடக்கும்; அங்கே பலன் குறைவு. தளத்தில் விரிசல் இருந்தால் முதலில் அதை அடைத்துவிட வேண்டும். உள்ளே இறங்கும் ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

வெள்ளை அடித்தால் போதுமா? விலை உயர்ந்த பூச்சுதான் வேண்டுமா?

பளபளக்கும் விளம்பரங்களைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். புதிதாக அடித்த சுண்ணாம்பு, விழும் வெயிலில் முக்கால் பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே வராத வெப்பத்தை வெளியேற்றும் வேலை மிச்சம். வெள்ளைப் பூச்சுக்கு இன்னொரு நல்ல குணம்: வெயிலைத் திருப்பினாலும், இரவில் தன்னிடமுள்ள வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்குத் தாராளமாக விடும். பளபளப்பான வெற்று உலோகம் வெயிலைத் திருப்பும்; ஆனால் தன் சூட்டைக் கதிராக விடுவதில் கருமி. அதனால்தான் புதுத் தகரம் கண்ணைக் கூசினாலும் தொட்டால் சுடுகிறது.

சுண்ணாம்பின் குறை, மழையில் கரைவதும் புழுதி படிந்ததும் மங்கிவிடுவதும். பங்குனியில் ஒரு முறை தளத்தைக் கழுவி, இரண்டு கை அடித்தால் கத்திரி முடியும்வரை தாங்கும். கையில் காசு இருப்பவர்கள் பல ஆண்டு நிற்கும் வெள்ளை வெப்பத் தடுப்புப் பூச்சு வாங்கலாம். காசு இல்லை என்பதற்காகச் சும்மா இருக்க வேண்டியதில்லை.

பெரிய கோயில் பிராகாரத்தில் கல் கொப்புளம் வரும் அளவுக்குச் சுடுகிறது. இரண்டடி தள்ளிப் புல்லில் நின்றால் சுடவில்லை. இரண்டிலும் ஒரே வெயில்தானே?

வெயில் ஒன்றுதான், மற்ற எல்லாம் வேறு. புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. கல்லுக்கு அந்த வழி கிடையாது. மேலும், சூடான பொருளைத் தொடும்போது நாம் உணர்வது அதன் வெப்பநிலையை மட்டும் அல்ல; அது எவ்வளவு வேகமாக நம் தோலுக்குள் வெப்பத்தைத் தள்ளுகிறது என்பதையும்தான். கருங்கல் நன்றாகக் கடத்தும், நிறைய வெப்பத்தை வைத்திருக்கும். பாதம் தொட்ட இடம் சற்று ஆறினாலும், அடியிலிருந்து வெப்பம் உடனே வந்து நிரப்பிவிடும். அதே சூட்டில் ஒரு மரப்பலகை இருந்தால் இவ்வளவு சுடாது. கோயில்களில் நடைபாதையில் தேங்காய் நார்ப் பாய் விரிப்பதும், வெள்ளைப் பட்டை அடிப்பதும் இந்த இரண்டு காரணத்தையும் தனித்தனியே கையாளும் நல்ல உபாயங்கள்.

இதே கல்தான் உள்ளே குளிர்ச்சியும் தருகிறது. அன்றாட வெப்ப அலை கருங்கல்லுக்குள் போகப் போக விரைவாகத் தேய்ந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 1010இல் நிறைவடைந்த அந்த விமானத்தின் கனத்த சுவர்களுக்கு உள்ளே, பகலும் இரவும் பெரிய வேறுபாடு இல்லாமல் பல நாட்களின் சராசரி வெப்பமே நிலவுகிறது. கூட்டம் நெரியும் நாளில் கருவறை முன் புழுங்குகிறதென்றால் அது மனித மூச்சும் விளக்குகளும் சேர்ந்து செய்யும் வேலை. கல்லின் மேல் பழி போட வேண்டாம்.

கோடையில் காவிரி மணலில் கால் வைக்க முடிவதில்லை. ஒரு சாண் தோண்டினால் குளிர்ச்சி. எப்படி?

உலர்ந்த மணல் துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால் வெப்பம் கீழே இறங்க முடியாமல் மேலாகவே தங்கிவிடுகிறது. மேல் படலம் மட்டும் கொதிக்கும். சேமிப்பு குறைவு என்பதால் அந்தி சாய்ந்ததும் ஆறியும் விடும். மாலையில் ஆற்று மணலில் போய் உட்காரும் ஊர்வழக்கத்துக்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வயலில் தண்ணீர் நின்றால் ஊர் குளிரும் என்கிறார்கள். ஆனால் அப்போதுதான் புழுக்கம் அதிகம். எது உண்மை?

இரண்டுமே உண்மை. ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் வறண்டு, வயல் தரிசாகக் கிடக்கும்போது வெயிலின் வெப்பம் நேரே மண்ணைச் சூடாக்கி, மண் காற்றைச் சூடாக்குகிறது. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, குறுவை நடவு பசுமை கட்டியதும், அதே வெயிலில் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்குவதற்குச் செலவாகிவிடுகிறது. பகல் வெப்பநிலை மட்டுப்படும். ஆனால் ஆவியான தண்ணீர் காற்றில்தானே இருக்கிறது? ஈரம் மிகுந்த காற்றில் நம் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு ஆறாது. வெப்பமானி குறைத்துக் காட்டும் நாளிலும் சட்டை நனைந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

கடல்காற்றையும் சொல்ல வேண்டும். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேற, நிலத்தின் மேல் காற்று எழும்பி, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நாகப்பட்டினத்தில் பிற்பகலிலேயே நிம்மதி கிடைத்துவிடும். தஞ்சாவூருக்கு அது வந்து சேர மாலையாகும், சில நாள் வராமலே போகும். மேற்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வறண்ட காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே நுழைய முடிவதில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த மேல்காற்றைத்தான்.

மின்விசிறி அறையைக் குளிர்விக்கிறதா?

இல்லை. 75 வாட் விசிறி அந்த 75 வாட்டையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் சேர்க்கிறது. அது குளிர்விப்பது வியர்வையுள்ள உடம்பை மட்டும். ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடுவது வீண். காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி உடம்பை இன்னும் சூடாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது; அப்போது ஈரத்துணியால் உடம்பை நனைத்துக்கொள்வதும் நிழலுக்கு மாறுவதும்தான் வழி.

ஏசி காற்றை விரைவில் குளிர்வித்துவிடும்; தளத்தை அல்ல. 24இல் வைத்தும் தலைமாட்டில் காந்துகிறது என்பவர்கள் மாடியைக் கவனிக்க வேண்டும். ஏசிக்குக் கட்டும் மின்கட்டணத்தில் ஒரு பகுதி, தளம் விழுங்கிய வெயிலை வெளியே தூக்கிப்போடும் கூலி.

கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்குள் கை விட்டால் சுடுகிறது. வெயிலே இல்லாத நாளில் எங்கிருந்து வந்தது இந்தச் சூடு?

நெல்லிலிருந்தே. நெல் உயிருள்ள விதை. ஈரம் இருந்தால் சுவாசிக்கும். ஈரத்தில் பூஞ்சையும் நுண்ணுயிரும் சேர்ந்து பெருகும். சுவாசம் எதுவானாலும் வெப்பம் பிறக்கும். தனி நெல்மணியில் அது உடனே காற்றோடு போய்விடும். குவியலிலோ, மணிகளுக்கு இடையே சிக்கிய காற்று வெப்பத்தை வெளியேற விடாது. சூடு ஏற ஏறச் சுவாசமும் வேகமெடுக்கும். நெல் நிறம் மாறும், வாடை வீசும், முளைவிடும்.

கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழை ஆண்டுகளில் அதைத் தளர்த்துகிறார்கள். நீண்ட நாள் சேமிக்க 14 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். இடைப்பட்ட நாட்களில் குவியலைத் தாழ்வாகப் பரப்பி, கிளறிவிட்டு, மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். பாடுபட்டு விளைந்த நெல் நாட்கணக்கில் மூடிய தார்ப்பாய்க்குள் காத்துக் கிடந்து சூடேறிக் கெடுவது விவசாயியின் குற்றம் அல்ல. உரிய நேரத்தில் எடை போட்டு எடுத்துச் சென்றாலே இந்தச் சேதத்தில் பெரும்பகுதி நடக்காது.

புதிதாக வீடு கட்டப் போகிறோம். கொத்தனாரிடம் என்ன சொல்ல வேண்டும்?

முதலில் திசை. தஞ்சாவூர் வட அட்சம் 10.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டு, கத்திரி நாட்களில் சற்று வடக்கே தள்ளி நிற்கும். ஆகவே கோடையில் முதல் அடி தளத்துக்கு, அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு. தெற்குச் சுவருக்கு அந்த மாதங்களில் நண்பகல் வெயில் விழுவதில்லை. மேற்குப் பக்கம் படுக்கையறை வைக்காதீர்கள். குளியலறை, மாடிப்படி, சாமான் அறை வரட்டும். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்போ புங்கனோ நட இடம் விடுங்கள்.

தளம் போட்டதும் பணம் தீர்ந்துவிட்டது என்று சுருக்கியையும் தட்டோட்டையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த அடுத்த ஆண்டு பெரும்பாலும் வருவதே இல்லை. முன்பக்க அலங்காரத்தைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளாதீர்கள். வெப்பத் தடுப்பு அட்டை போடுவதாக இருந்தால் தளத்துக்கு மேலே போடச் சொல்லுங்கள். உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் தளம் தினமும் சூடேறி விரிந்து சுருங்குவது நிற்காது, தீ விபத்து அபாயமும் கூடும்.

ஒவ்வோர் அறையிலும் எதிரெதிரே இரண்டு திறப்புகள் வேண்டும். உட்கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வைக்கக் கொத்தனார் தயங்கினால் விடாமல் கேளுங்கள். அறையின் மிகச் சூடான காற்று தேங்குவது அங்கேதான். பகல் முழுவதும் ஜன்னல் சாத்தியிருந்தாலும் அந்த ஓட்டை வழியே அது வெளியே போய்க்கொண்டிருக்கும். கொசுவலை அடித்து, மழைச்சாரல் உள்ளே வராமல் மேலே ஒரு சிறு சன்ஷேடு இறக்கச் சொல்லுங்கள்.